லுத்ஃபி சாரின் அப்பா

நவம்பர் 6, ஞாயிறு

மேல்நிலை முதலாம் ஆண்டு, பி பிரிவு. பதிவேட்டில் நாற்பத்தாறு பெண்கள். வந்தது பதினேழு. வந்த பதினேழில் ஆறு பேர் தூக்கம். பெயர் இருப்பது பள்ளிக்கூடத்தில், படிப்பது மாலையில் டியூஷன் சென்டரில் — ஃபையூமில் மட்டுமல்ல, எகிப்து முழுக்க இப்போது இதுதான் நடைமுறை. நான் மட்டும்தான் இன்னும் சாக்பீஸோடு நிற்கிறேன்.

செங்கோண முக்கோணம் வரைந்து, எதிர்ப்பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்தால் சைன், அடுத்துள்ள பக்கத்தை வகுத்தால் கோசைன் என்று ஆரம்பித்தேன். முதல் பெஞ்சு ஷாஹிந்தா கை தூக்கினாள். "மிஸ், லுத்ஃபி சார் இதெல்லாம் போன மாசமே முடிச்சிட்டார். வட்டத்துக்கே போயாச்சு."

"அப்போ நீ ஏன்மா இங்கே உட்கார்ந்திருக்கே?"

"அட்டெண்டன்ஸ், மிஸ்."

பொய் சொல்லாத பெண். அதற்காகவே பிடிக்கும்.

லுத்ஃபி ஒரு காலத்தில் எங்கள் ஆசிரியர் அறையில் எனக்குப் பக்கத்து மேசை. இப்போது சொந்தமாக டியூஷன் சென்டர் நடத்துகிறான், ஊரில் பாதிச் சுவர்களில் போஸ்டரில் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறான். 'கணக்கின் சுல்தான்' என்று போட்டிருக்கிறது. சுல்தான்! என்னிடம் ஸ்டேப்ளர் கடன் வாங்கித் திருப்பித் தராதவன்.

மகள் யும்னா ஆங்கில வகுப்பு முடிந்து ஆறரைக்கு வந்தாள். ஞாயிறும் புதனும் என் வீட்டுக்காரர் ஹாதெம்தான் காரில் கொண்டுவிட்டு அழைத்து வருகிறார். மனிதருக்குத் திடீரென்று இத்தனை பொறுப்பு.

நவம்பர் 8, செவ்வாய்

யும்னா கணக்கில் எதுவுமே என்னிடம் கேட்பதில்லை. "புரியுதா?" என்றால் "ம்." அவ்வளவுதான். கணக்கு வாத்தியார் பெண்ணுக்குக் கணக்கு தானாக வரும் என்று ஊரே நினைக்கிறது. நானும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நவம்பர் 12, சனி

கோபம். எழுதினால் அடங்குமா பார்க்கிறேன்.

குளிர் ஆரம்பித்துவிட்டதே என்று அலமாரி மேலிருந்து கம்பளிப் பையை இறக்கினேன். இரண்டு கம்பளிக்கு நடுவில் ஒரு பயிற்சிப் புத்தகம். அட்டையில் லுத்ஃபியின் பல். உள்ளே, யும்னாவின் அழகான கையெழுத்தில்: யும்னா ஹாதெம், ஞாயிறு–புதன் பேட்ச்.

ஆங்கில வகுப்பு!

சரி, அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பதினாலாம் பக்கத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

பதினாலாம் பக்கத்தில் நம்மூர் நீர்ச்சக்கரம். பஹ்ர் யூசுஃப் கால்வாயில் சுற்றுகிறதே, அதேதான். பன்னிரண்டு வாளி, முப்பது டிகிரிக்கு ஒன்று. 'சக்கரத்தின் ஆரம் எத்தனை மீட்டர் என்று கவலைப்படாதே. ஒன்று என்று வைத்துக்கொள். இப்போது எந்த வாளியிலிருந்தும் அச்சு மட்டத்துக்கு ஒரு நேர்க்கோடு இறக்கு. செங்கோண முக்கோணம் கிடைக்கிறதா? கர்ணம் எது? சக்கரத்தின் ஆரக்கால். அது ஒன்று. ஒன்றால் வகுத்தால் என்ன மாறும்? ஆக, வாளி அச்சுக்கு மேலே எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதுவே சைன். பக்கவாட்டில் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அதுவே கோசைன். வாளி அச்சுக்குக் கீழே போனால் சைன் மைனஸ். அச்சுக்கு இடப்பக்கம் போனால் கோசைன் மைனஸ். சக்கரத்தைப் பார்க்காதே. ஒரே ஒரு வாளியைப் பார்.'

என் வாக்கியங்கள். ஒரு எழுத்து மாறவில்லை. 'கவலைப்படாதே'கூட என்னுடையது.

ஹாதெம் தொழுகை முடிந்து வந்ததும் புத்தகத்தை முன்னால் போட்டேன். அவர் முகம் செத்துவிட்டது.

"குழந்தை அழுதுச்சு, யும்னா அம்மா. உன்கிட்ட கேட்கப் பயமா இருக்குன்னா. நான் என்ன பண்ண?"

"அதுக்கு லுத்ஃபிகிட்டயா? ஊர்ல வேற ஆளே இல்லையா?"

"எல்லாரும் அவர்கிட்டதான போறாங்க…"

"ஆறு வாரமா என் மூஞ்சிக்கு நேரா இங்கிலீஷ் இங்கிலீஷ்னு சொன்னீங்களே, நாக்கு கூசலையா?"

"நீ கத்துவேன்னுதான்…"

நான் கத்தினேன். அந்த மட்டில் அவர் கணிப்பு சரி.

நவம்பர் 13, ஞாயிறு

பள்ளிக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லி அனுப்பினேன். உண்மையிலேயே தலைவலிதான்.

அந்த வாக்கியங்களை நான் எழுதிவைத்திருந்த நோட்டு லுத்ஃபியிடம் எப்படிப் போனது என்பதை எழுதிவைக்க வேண்டும். நானேதான் கொடுத்தேன். பதினொரு வருஷத்துக்கு முன் குவைத்தில் வேலை கிடைத்ததும் லுத்ஃபி என் மேசைக்கு வந்து நின்றான். "ஸனிய்யா, புது ஊரு, புதுப் பசங்க. கையில ஒண்ணுமே இல்ல. உன் வட்டம் நோட்டைக் குடேன், பார்த்துட்டு அனுப்பிடறேன்." பச்சை அட்டை நோட்டு, ஐந்து வருஷ உழைப்பு. பிரதி எடுக்கக்கூடத் தோன்றவில்லை. போய்வா தம்பி என்று பேரீச்சம்பழ பிஸ்கட்டும் கட்டிக் கொடுத்தேன். அவன் மனைவிக்குப் பிரசவம் ஆனபோது டிபன் கேரியரில் சூப்பு கொண்டு போனவள் நான்.

நோட்டு வரவில்லை. கேட்டபோது வீடு மாற்றியதில் தொலைந்துவிட்டது என்றான். போகட்டும், தலையில் இருக்கிறதே என்று நானும் விட்டுவிட்டேன்.

தொலையவில்லை. அவன் புத்தகமாகி மூவாயிரம் பிரதி ஓடியிருக்கிறது.

யும்னா இன்று வகுப்புக்குப் போனாள். கேட்டுவிட்டா போனாள்? அப்பாவும் மகளும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கும் சத்தம் கேட்டது. நான் எழுந்து போகவில்லை.

நவம்பர் 16, புதன்

போய்ப் பார்த்தேன்.

சென்டரில் இடம் போதாதாம். கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்திருக்கிறான். மணமக்கள் உட்காரும் மேடையில் வெள்ளைப் பலகை, பின்னால் பிளாஸ்டிக் ரோஜா வளைவு. முந்நூறு பெண்கள். கடைசி மூன்று வரிசையில் காத்திருக்கும் அம்மாக்கள், பின்னல் ஊசியும் சூரியகாந்தி விதையுமாக. அவர்களோடு போய் உட்கார்ந்தேன். ஒரு அம்மா கை நிறைய விதை கொடுத்து, "உங்க பொண்ணு எந்த வரிசை?" என்றாள். தெரியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

நான்காவது வரிசை. சாம்பல் நிற முக்காடு. நேராக உட்கார்ந்திருந்தாள். என் முன்னால் அவள் அப்படி உட்கார்ந்து பார்த்ததே இல்லை.

லுத்ஃபி மைக்கில் ஆரம்பித்தான். கிண்டல், பாட்டு, கைத்தட்டல் எல்லாம் உண்டு. ஒத்துக்கொள்ள வேண்டும் — நன்றாகத்தான் பேசுகிறான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"செல்லங்களா, இந்தச் சக்கரத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தது யார் தெரியுமா? எங்கப்பா. படிக்காத மனுஷன். நீர்ப்பாசனத் துறையில மதகுக் காவலர். ஆறு வயசுல என்னைத் தோள்ல தூக்கிட்டுப் போய்ச் சக்கரத்தைக் காட்டினார். எனக்குத் தலை சுத்திடுச்சு, அழுதேன். அப்போ அவர் சொன்னார்: மகனே, சக்கரத்தைப் பார்க்காதே. ஒரே ஒரு வாளியைப் பார். அது மேலே போகும், கீழே போகும், திரும்ப வரும். பயப்பட ஒண்ணுமில்ல. அவர் சாகும்போது நான் பக்கத்தில இல்ல, செல்லங்களா. அதான் வருஷா வருஷம் உங்ககிட்ட சொல்றேன்."

என் பக்கத்து அம்மா மூக்கை உறிஞ்சினாள்.

அது என் அப்பா. மதகுக் காவலர் தஸூகி. அந்தத் தோள் என் தோள் — இல்லை, நான் உட்கார்ந்த தோள். அழுதது நான். அவர் சாகும்போது பக்கத்தில் இல்லாதவள் நான். லுத்ஃபியின் அப்பா துணிக்கடைக்காரர், போன ரமலானில்கூட அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து மாம்பழச் சாறு வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான்! உயிரோடு இருக்கிற அப்பனைக் கொன்றுவிட்டு, செத்துப்போன என் அப்பாவை எடுத்துக்கொண்டான்.

நான்காவது வரிசையில் யும்னா முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தாள். தன் சொந்தத் தாத்தாவுக்காக அழுதாள். அவளுக்குத் தெரியாது.

எழுந்து கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. விதைத் தோலைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். கோழை.

நவம்பர் 17, வியாழன்

சொன்னேன். நிதானமாகச் சொல்ல வேண்டும் என்று மூன்று தடவை ஒத்திகை பார்த்துவிட்டு, அடுப்பில் மொலோகியாக் கீரை கொதிக்கும்போது ஒரேயடியாகக் கொட்டிவிட்டேன்.

"அது உன் தாத்தாடி! அவன் அப்பன் இல்ல!"

யும்னா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "மண்டபத்துக்கு வந்து என்னை வேவு பார்த்தியாம்மா?"

"நான் என்ன சொல்றேன், நீ என்ன கேட்கிறே?"

"தாத்தா கதைன்னா எனக்கு ஏன் தெரியலை? பதினஞ்சு வருஷத்துல ஒரு தடவைகூட நீ சொன்னதில்லையே."

"நோட்டுல எழுதியிருந்தேன்…"

"எங்கே அந்த நோட்டு?"

எங்கே? அவனிடம்.

"அந்தாளு புத்தகத்தோட கடைசிப் பக்கத்தைப் பார், நேத்து ராத்திரிதான் படிச்சேன்: அவன் அப்பா அவனைக் காஃபி கடை வாசல்ல நிறுத்திக் காட்டினாராம். அந்தக் கரையிலேர்ந்து பார்த்தா சக்கரம் கடிகார முள்ளு மாதிரி சுத்தும். கோணமெல்லாம் மைனஸ்ல போகும். முப்பது டிகிரிக்கு சைன் மைனஸ் அரைன்னு வரும்! எங்கப்பாவோட மதகு எதிர்க்கரையில. அங்கேர்ந்து பார்த்தாத்தான் சரியான பக்கம் சுத்தும். அதுகூடத் தெரியாம திருடியிருக்கான்!"

"எல்லாரும் சொல்றது சரிதான்," என்றாள் மெதுவாக. "ஸ்கூல் டீச்சருங்களுக்கு சென்டர் சாருங்க மேல பொறாமை."

கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். மொலோகியா அடிப்பிடித்தது. யாரும் சாப்பிடவில்லை.

நவம்பர் 18, வெள்ளி

பேசவில்லை. அவளும்.

நவம்பர் 20, ஞாயிறு

போனாள். ஹாதெம் என்னைப் பார்த்து, "கூட்டிட்டுப் போகவா?" என்று இப்போதுதான் முதல்முறையாகக் கேட்டார். "உங்க இஷ்டம்" என்றேன். அவர் கூட்டிக்கொண்டு போனார். இஷ்டம் என்றால் என்ன அர்த்தம் என்பது கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்துக்குப் பிறகும் தெரியாத மனிதர்.

ஒன்று நினைவுக்கு வருகிறது. செப்டம்பர் கடைசியில் யும்னா ஒரு கேள்வியோடு வந்தாள். "அம்மா, நூத்தைம்பது டிகிரிக்கு சைன் எப்படி வரும்? செங்கோண முக்கோணத்துல மூணு கோணம் சேர்ந்தே நூத்தெண்பதுதானே. தொண்ணூறு போனா மீதி தொண்ணூறுதான். நூத்தைம்பது எங்கே நுழையும்?"

எத்தனை அழகான கேள்வி! பி பிரிவில் எவளாவது கேட்டிருந்தால் அன்று முழுக்க அதையே பாடம் நடத்தியிருப்பேன். அன்று ஐம்பது விடைத்தாள் கட்டு மடியில். "புத்தகத்துல இருக்கு, படி" என்றேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அதற்காக இப்படியா? அதற்காக என் எதிரியிடமா?

நவம்பர் 25, வெள்ளி

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு யும்னா இரண்டு மணி நேரம் காணோம். ஷூவெல்லாம் சேறு. தோழி வீட்டுக்குப் போனேன் என்றாள். தோழி வீடு நாலாவது மாடி. சேறு எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு பொய் வரும். எண்ணிக்கை தப்பிவிட்டது.

நவம்பர் 27, ஞாயிறு

கண் சிவந்து வந்தாள். தூசி என்றாள். சரி, தூசி.

டிசம்பர் 4, ஞாயிறு

இனி அப்பா காரில் வேண்டாமாம், நடந்தே போகிறாளாம். ஹாதெமுக்கு உடனே நிம்மதி, சோபாவில் சாய்ந்துவிட்டார். எனக்கு நிம்மதி இல்லை.

டிசம்பர் 13, செவ்வாய்

சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கும்போது அந்த விதை கொடுத்த அம்மா. "உங்க பொண்ணை நிறுத்திட்டீங்களா? ரெண்டு வாரமா வரலையாமே. என் பொண்ணு சொன்னா."

ரெண்டு வாரம். ஞாயிறும் புதனும் மாலை நாலரைக்குத் தலை சீவி, பை எடுத்து, "கிளாசுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறாள். எங்கே? யாரோடு?

அல்லாவே, என்னென்னவோ தோன்றுகிறது. எழுத மாட்டேன்.

முதலில் ஆங்கிலம் என்று லுத்ஃபியிடம் போனாள். இப்போது லுத்ஃபி என்று சொல்லிவிட்டு வேறெங்கோ. என் பெண் எப்போது இப்படி ஆனாள்? நான் என்ன கொலையா பண்ணிவிட்டேன்? இவளுக்குக் காய்ச்சல் வந்தபோது ஒன்பது நாள் கண் மூடாமல் — சீ, இதையெல்லாம் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேனா.

நாளை பின்னாலேயே போவேன். வேவு என்று சொல்லட்டும்.

டிசம்பர் 14, புதன். மதியம், ஆசிரியர் அறை

ஷாஹிந்தா வகுப்பு முடிந்ததும் மேசை அருகே நின்றாள். கையைப் பிசைந்துகொண்டு.

"மிஸ், யும்னா உங்க பொண்ணுன்னு எனக்கு நேத்துதான் தெரியும். அவளை எல்லாரும் கலாய்க்கிறாங்க. நான் கலாய்க்கலை. சத்தியமா."

"எதுக்குக் கலாய்க்கிறாங்க?"

சொல்லிவிட்டாள். பொய் சொல்லாத பெண்.

நவம்பர் 27. லுத்ஃபி திருப்புதல் வகுப்பில் மறுபடி அப்பா கதையைச் சொல்லியிருக்கிறான். யும்னா எழுந்து நின்றாளாம். முந்நூறு பேர் நடுவில்.

"சார், உங்கப்பா உங்களைக் காஃபி கடை வாசல்லயா நிறுத்தினார்?"

"ஆமாம் செல்லம், எனக்கு ஒரு சோடாவும் வாங்கிக் குடுத்தார்."

"அங்கேர்ந்து சக்கரம் தலைகீழா சுத்துது சார். வெள்ளிக்கிழமை ரெண்டு கரையிலும் நின்னு பார்த்தேன். நீங்க வரைஞ்ச பக்கம் சுத்தணும்னா எதிர்க்கரையில மதகுகிட்ட நிக்கணும். மதகுக் காவலர் ஏன் சார் மதகை விட்டுட்டு காஃபி கடைக் கரைக்குப் போனார்?"

பெண்கள் சிரித்தார்களாம். லுத்ஃபியும் சிரித்துப் பார்த்தானாம். "நீ கணக்குக்கு வந்தியா, விசாரணைக்கு வந்தியா?"

"அந்தக் காவலர் பேர் தஸூகி சார். அவர் என் தாத்தா."

அப்புறம் லுத்ஃபி மைக்கில், இந்த மாதிரி மனநிலை சரியில்லாத பிள்ளைகளுக்காக அல்லாவிடம் துஆ கேட்போம் என்று சொல்லி, அவள் புத்தகத்தை வாங்கிக்கொண்டு வெளியே அனுப்பிவிட்டான். அன்று மாலையே பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் அவளுக்குப் பெயர் வைத்தாயிற்று: நீர்ச்சக்கரப் பேத்தி. அவளுடைய இரண்டு நெருங்கிய தோழிகளும் சேர்ந்துதான் வைத்தார்களாம்.

"நீங்க பெருமைப்படணும் மிஸ்," என்றாள் ஷாஹிந்தா. பிறகு பயந்துபோய், "அழாதீங்க மிஸ்" என்றாள்.

டிசம்பர் 15, வியாழன்

நேற்று மாலை பின்னால் போகவில்லை. கூடவே போனேன். "நானும் வரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டேன். யும்னா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். மண்டபத் தெரு திரும்பும் முனை வந்தது. அவள் நடை தயங்கியது. "நேராவே போ" என்றேன். "எனக்குத் தெரியும்."

ஊர் நூலகத்துக்குக் கூட்டிப் போனாள். இதற்குத்தான் இரண்டு வாரப் பொய். செய்தித்தாள் படிக்கும் இரண்டு கிழவர்கள், ஒரு மின்விசிறி, மூலையில் ஒரு மேசை. அங்கே தனியாக உட்கார்ந்து போட்டிருக்கிறாள். நோட்டு முழுக்க வட்டங்கள். நூத்தைம்பது, இருநூத்துப்பத்து, முந்நூறு — ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒரு முக்கோணம், இடப்பக்கம் சாய்ந்தும் கீழே தொங்கியும். நூத்தைம்பது முக்கோணத்துக்குள் நுழையாது, முக்கோணம்தான் அதனிடம் போகும் என்று தானே கண்டுபிடித்து ஓரத்தில் எழுதியிருந்தாள். ஒன்றிரண்டு குறி தப்பு. பரவாயில்லை.

"ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"உன்னைப் பொறாமைக்காரின்னு சொன்னேன். அப்புறம் எந்த மூஞ்சியோட வந்து சொல்றது?"

நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் இழுத்துக்கொண்டாள். கோபம் தீரவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. தீர வேண்டியது என் கோபம் மட்டும்தான் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்.

"லுத்ஃபி சார்கிட்ட சொல்லியிருக்கே," என்றாள். "வருஷா வருஷம் உன் ஸ்கூல் பொண்ணுங்ககிட்ட சொல்லியிருக்கே. ஷாஹிந்தாவுக்குக்கூடச் சொல்லுவே. எனக்கு மட்டும் ஏன்மா சொல்லலை? என் தாத்தாவைப் பத்தி ஒரு திருடன் சொல்லி நான் தெரிஞ்சுக்கணுமா?"

ஒரு கிழவர் செய்தித்தாளை இறக்கிப் பார்த்தார்.

நோட்டைத் திருடினவன் அவன். ஆனால் இவளிடமிருந்து அப்பாவை ஒளித்து வைத்தது நான். வீட்டுக்கு வந்தால் களைப்பு, விடைத்தாள், அடுப்பு. என் பெண்தானே, எப்போது வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம் என்று பதினைந்து வருஷம்.

"தப்புதான்" என்றேன். வேறு என்ன சொல்ல.

கொஞ்ச நேரம் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள். பிறகு, "மீசை இருந்துச்சா அவருக்கு?" என்றாள்.

இருந்தது என்றேன். ஒரு பக்கம் கொஞ்சம் குட்டை, கண்ணாடி பார்க்காமல் வெட்டிக்கொள்வார். அதிலிருந்து ஆரம்பித்தேன். ஆறு மணிக்கு நூலகத்தை மூடிவிட்டார்கள். வாசல் படியில் உட்கார்ந்து மீதியைச் சொன்னேன். ஹாதெம் இரண்டு தடவை போன் செய்தார். நாங்கள் எடுக்கவில்லை.